உருபு தொக்க ஆணை: யார் குற்றம்?

கம்பம் பள்ளத்தாக்கில் காலைத் தேநீரோடு வாசிக்கப்படுவது கவிதையன்று, அணைகளின் நீர்மட்டம். முல்லைப் பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி என்று நாளிதழின் ஒரு மூலையில் அச்சாகும் எண்களை உத்தமபாளையத்திலோ சின்னமனூரிலோ எவரும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்புவதில்லை. வைகை நிறைந்தால் 71 அடி. பெரியாற்றில் 142 அடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் விதித்த வரம்பு. மலைக்கு அந்தப்புறம் இடுக்கி அணைக்கோ முழுக் கொள்ளளவு 2403 அடி. இடுக்கியின் எண் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. பெரியாற்றின் எண் அணை நிற்கும் ஆற்றுப் படுகையிலிருந்து அளக்கப்படுவது. அந்த 'இலிருந்து' தெரியாதவருக்கு இவை வெறும் எண்கள். தெரிந்தவருக்கோ 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் அவ்வாண்டுத் தலையெழுத்து.

அந்த 'இலிருந்து' என்ற ஒற்றை உருபைப் பற்றியே இங்கே வாதாட வந்திருக்கிறோம். வாதத்துக்குக் காரணம் அணை அன்று; ஒரு கணினி ஆய்வகம்.

எங்கள் நண்பர் ஒருவரின் மகள் பொறியியல் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள். 8086 நுண்செயலி ஆய்வகத்தின் செய்முறைத் தேர்வு. பத்து எண்களைக் கூட்டிச் சொல்லும் சிறு நிரலை எழுதி, 'டீபக்' என்னும் வழுநீக்கியில் ஏற்றி இயக்கிக் காட்ட வேண்டும். வழுநீக்கி என்பது நிரலை நம் விருப்பப்படி ஓடவிட்டு, நாம் குறித்த இடத்தில் நிறுத்தி, அக்கணத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் கருவி. குறித்து வைக்கும் அந்த இடத்துக்கு நிறுத்தப்புள்ளி என்று பெயர். அவள் நிரலைப் பாதிவரை ஓட்டி நிறுத்தினாள். பத்து எண்களுள் இரண்டாவதைத் தவறாக உள்ளிட்டிருப்பது அப்போது தெரிந்தது. திருத்தினாள். மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓட்ட வேண்டும். நிரலின் தொடக்கம் 100 என்னும் முகவரி. 'ஜி 100' என்று ஆணையிட்டாள். நிரல் ஓடி முடிந்தது. 'நிரல் இயல்பாக முடிந்தது' என்று திரையில் ஒரு வரியும் வந்தது. ஆனால் விடை பழைய விடையாகவே இருந்தது. திருத்தம் ஏறவே இல்லை.

"ஈக்வல் எங்கம்மா?" என்றாராம் தேர்வாளர்.

"எங்க சார்?"

"நூறுக்கு முன்னாடி. மேனுவல் படிக்கலையா நீ?"

மதிப்பெண் போனது பெரிதன்று. வீட்டுக்கு வந்து, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று சொல்லியிருக்கிறாள். இந்த ஒரு வாக்கியம்தான் எங்களை எழுத வைத்தது. அந்த ஆணையில் குறை இருந்தது. குறையைத் தன்மேல் ஏற்றிக்கொண்டவள் அந்தப் பெண்.

நடந்ததை விளக்குகிறோம். டீபக்கில் 'ஜி=100' என்றால் 100இலிருந்து ஓடு என்று பொருள். 'ஜி 100' என்றாலோ, இப்போது எங்கே நிற்கிறாயோ அங்கிருந்து ஓடு, 100 வந்தால் நில் என்று பொருள். 'ஜி=100 120' என்பது நூறிலிருந்து ஓடி நூற்றிருபதில் நிற்பது; 'ஜி 100 120' என்பது இரண்டு இடங்களிலும் நிறுத்தப்புள்ளி வைப்பது. தொடங்கும் இடத்தையும் நிற்கும் இடத்தையும், அதாவது ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு செய்திகளை, ஒரு சிறு குறி மட்டுமே பிரிக்கிறது. அது விடுபட்டால் ஆணை பிழையாவதில்லை, வேறோர் ஆணையாகிவிடுகிறது. எனவே கருவி முணுமுணுக்கக்கூட இல்லை. நின்ற இடத்திலிருந்து மீதிப் பாதியை ஓட்டியது. திருத்தப்பட்ட எண்ணோ ஏற்கெனவே கூட்டி முடிந்த முற்பாதியில் இருந்தது. போதாக்குறைக்கு, அந்த 100 என்பதும் நூறன்று. டீபக் எல்லா எண்களையும் பதினாறை அடியாகக் கொண்டே வாசிக்கும். ஆகவே அது 256. அதற்கும் எழுத்தில் எந்த அடையாளமும் இல்லை.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. நிறுத்தப்புள்ளி வைப்பதென்றால், அந்த முகவரியில் இருக்கும் ஆணையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே 'நில்' என்னும் குறியீட்டைக் கருவி எழுதிவிடும். இன்டெல் செயலிகளில் அக்குறியீடு 'சிசி' என்னும் ஒற்றை பைட். நிரல் அங்கு வந்து நின்றதும் பழைய பைட்டைத் திருப்பி வைக்கும். குறித்த எந்த இடத்திலும் நிரல் நிற்காமலே போய்விட்டால் மூல ஆணைகள் திருப்பி வைக்கப்படுவதில்லை என்று மைக்ரோசாஃப்டின் கையேடே சொல்கிறது. சுவடியைச் சரிபார்க்க வந்தவரே இடைச்செருகலைப் புகுத்திவிட்டுப் போவதற்கு ஒப்பானது இது. வழுநீக்கப் போன இடத்தில் மாணவி அறியாமலே ஒரு வழு முளைக்கிறது. அதைக் கிளப்பியது அவள் இடாத ஒரு சமக்குறி.

இந்தச் செய்தி எங்கள் கூட்டத்தில் பேசப்பட்டபோது இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. முதலாவது, மென்பொருள் துறையில் பணிபுரியும் நண்பருடையது. "கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. படிக்காதது அவள் பிழை." இரண்டாவது, திறனாய்வு எழுதும் நண்பருடையது. "பல பொருள் படுவதே மொழியின் உயிர். அதைக் குற்றமென்று சொல்ல இலக்கியக் கூட்டமா இடம்? மேலும் கணினிக் கட்டளைக்கும் நமக்கும் என்ன உறவு?" இவ்விருவருக்கும் ஒருசேர மறுமொழி சொல்ல விரும்புகிறோம்.

உறவு இருக்கிறது. கணினிக்கு நெடுங்காலம் முன்பே இதைத் தமிழ் இலக்கணிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். 'புலிகொல் யானை' என்பது உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டாம் வேற்றுமை உருபும் வரலாம், மூன்றாம் வேற்றுமை உருபும் வரலாம். எது தொக்கு நிற்கிறது என்று சொல்லைப் பார்த்து மட்டும் அறிய முடியாது. இத்தகையவற்றைத் 'தடுமாறு தொழிற்பெயர்' என்று தொல்காப்பியம் பெயரிட்டுப் பேசுகிறது. 'ஜி 100' என்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. 100இலிருந்தா, 100வரையா? உருபு தொக்கு நிற்கிறது.

ஆயினும் தொல்காப்பியர் இவ்வழக்கைத் தடை செய்யவில்லை. பின்வரும் சொற்களைக் கொண்டு பொருளை உணர வல்லவர்கள் உணர்ந்துகொள்வார்கள் என்று அடுத்தே வழி சொல்கிறார். அவருடைய அனுமதி ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: கேட்பவர் உணரக்கூடியவர். யானை பிளிறியது என்று தொடர்ந்தால் யார் செத்தது என்பது தெரிந்துவிடும். கட்டளையை வாங்கிக்கொள்ளும் கருவியோ அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு கணத்துக்கு முன் அவள் எண்ணைத் திருத்தினாள் என்பதிலிருந்து எதையும் ஊகிப்பதுமில்லை. உணருபவர் இல்லாத இடத்தில் உணருபவருக்குரிய சலுகையை எடுத்துக்கொண்டது ஆணையை வடிவமைத்தவரின் தவறு. அதை மாணவியின் தலையில் கட்டுவது நியாயமாகாது.

திறனாய்வு நண்பருக்கு நன்னூலின் பாயிரத்தையே சான்று காட்டுகிறோம். நூலுக்குரிய முப்பத்திரண்டு உத்திகளுள் 'இரட்டுற மொழிதல்' என்பதும் ஒன்று. அதே பாயிரம் எண்ணும் பத்துக் குற்றங்களுள் 'மயங்க வைத்தல்' என்பதும் ஒன்று. பவணந்தியார் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றென்று நினைக்கவில்லை. பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்த ஒரே வெண்பாவைக் காளமேகம் பாடினால் இரு பொருளையும் அவரே கருதுகிறார். வாசகரும் இரண்டையும் பெறுகிறார். எவருக்கும் எதுவும் இழப்பில்லை. ஆணையில் அப்படியில்லை. இட்டவர் கருதியது ஒன்று, நிறைவேறியது மற்றொன்று. அவருக்குக் கிடைக்க வேண்டிய பொருள் கிடைக்கவே இல்லை. இதை 'மொழியின் உயிர்' என்று கொண்டாடுவது சிலேடைக்கும் இழுக்கு.

மென்பொருள் நண்பரின் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். 1981இல் ஐபிஎம் தன் தனிக்கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் அடிப்படை வடிவத்தில் இருந்த நினைவகம் 16 கிலோபைட். அவ்வளவு சிறிய இடத்தில் டாஸோடு சேர்ந்து வந்த டீபக் ஓரெழுத்து ஆணைகளில் சிக்கனம் பிடித்தது குற்றமன்று. ஆனால் அந்தச் சிக்கனத்தின் காரணம் என்றோ தீர்ந்துவிட்டது. 64 பிட் விண்டோஸில் அக்கருவி ஓடாது. பழைய கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸை நிறுவி, அதற்குள் டீபக்கை ஓட்டித் தேர்வு நடத்துகிறோம். காரணம் போன பிறகும் சடங்கைக் காப்பாற்றுவோர், சடங்கில் தவறியவளைப் பார்த்து 'படிக்கவில்லையா' என்று கேட்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

டீபக் பழங்கருவி, புதியவை திருந்திவிட்டன என்று சொல்வார்கள். முழுக்க உண்மையன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய 'ஜிடிபி' இன்றும் உலகெங்கும் பயனில் உள்ள வழுநீக்கி. அதில் 'பிரேக் 25' என்றால் 25ஆம் வரியில் நிறுத்தப்புள்ளி. எந்தக் கோப்பின் 25ஆம் வரி? அப்போது நடப்பாக இருக்கும் கோப்பின் வரி. எது நடப்பு என்பதோ நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். எந்த அணை என்று சொல்லாமல் நீர்மட்டம் சொல்வதைப் போன்றது இது. முகவரியைக் குறிக்க வேண்டுமானால் எண்ணுக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி இட வேண்டும். இன்னொன்று: 'டெலிட் 5' என்றால் ஐந்தாம் எண்ணிட்ட நிறுத்தப்புள்ளியை நீக்கு, 'கிளியர் 5' என்றால் ஐந்தாம் வரியில் உள்ள நிறுத்தப்புள்ளியை நீக்கு. இரண்டு வினையும் நமக்கு 'நீக்கு' என்பதே. ஐந்து என்பது எதன் ஐந்து என்பதை எண் சொல்லவில்லை. வினையைப் பார்த்து நினைவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் ஜிடிபியிடம் ஒரு நற்குணம் இருக்கிறது. அதை உரிய இடத்தில் பாராட்டியே ஆக வேண்டும். ஒரே பெயரில் பல செயற்கூறுகள் இருக்கும்போது அப்பெயரில் நிறுத்தப்புள்ளி கேட்டால், அது தானாக ஒன்றைத் தேர்ந்துகொண்டு வாளாவிருப்பதில்லை. எல்லா இடங்களிலும் வைத்துவிட்டு, இத்தனை இடங்களில் வைத்தேன் என்று எண்ணிக்கையும் சொல்கிறது. வேண்டுமானால் பட்டியலிட்டு 'எது?' என்று கேட்கும்படியோ, ஐயமிருந்தால் ஆணையையே கைவிடும்படியோ அமைத்துக்கொள்ளலாம். அறியாத பெயரைச் சொன்னால், அப்படியொன்று இல்லையே, பின்னால் வந்தால் வைக்கட்டுமா என்று வினவுகிறது. ஆப்பிள் நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட 'எல்எல்டிபி' இன்னும் ஓரடி முன்னே போயிற்று. அதன் முழு வடிவ ஆணையில் கோப்பு இது, வரி இது, பெயர் இது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளச்சொல் உண்டு. அடையாளச்சொல் என்பது வேறொன்றுமில்லை, வேற்றுமை உருபே. விரைவுக்காக ஒரு குறுவடிவத்தையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். அதில் பழையபடி ஊகம் நுழைகிறது. விரும்புவோர் சுருக்கிக்கொள்ளட்டும். சுருக்கம் மட்டுமே வழி என்றிருப்பதுதான் தவறு.

இங்கே தமிழர் மார்தட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நம் மொழியில் உருபு சொல்லோடு ஒட்டியிருப்பதால் '100இலிருந்து 120வரை ஓடு' என்றாலும் '120வரை 100இலிருந்து ஓடு' என்றாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தார் ஒரே சொல்லால் சொல்வதை நாம் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உண்மைதான். ஆனால் அந்த 'வரை'யைச் சற்றே கவனியுங்கள். 25ஆம் தேதி வரை விண்ணப்பிக்கலாம் என்றால் 25உம் சேர்த்தி. 120வரை ஓடு என்றால் 120இல் உள்ள ஆணையும் நிறைவேற வேண்டுமா? வழுநீக்கி அதை நிறைவேற்றுவதற்கு முன்பே நின்றுவிடும். ஆகவே நம் உருபும் போதாது; '120க்கு முன்வரை' என்று சொல்ல வேண்டும். மொழிப்பெருமை இவ்விடத்தில் உதவாது. எந்த மொழியானாலும் உட்கார்ந்து யோசித்துத்தான் ஆணையை ஆக்க வேண்டும்.

யோசித்து எழுதியவர்கள் இருந்திருக்கிறார்கள். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அரசுச் செயலருக்கும் இடையே கையெழுத்தான பெரியாற்றுக் குத்தகைப் பத்திரம் 155 அடி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. அணை அமையும் இடத்தில் ஆற்றுப் படுகையின் மிக ஆழமான புள்ளிக்கு மேல் 155 அடி உயரத்துச் சமவரைக்குக் கீழுள்ள நிலம் என்று எங்கிருந்து, எவ்வளவு, எதற்குக் கீழ் என மூன்றையும் சொல்கிறது. 999 ஆண்டுக் குத்தகை நியாயமா என்பது வேறு வழக்கு. நீர்மட்டம் 1979இல் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது, 2006இல் 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. இவ்வளவு நெடிய வழக்கும் அணையின் பாதுகாப்பையும் மாநிலங்களின் உரிமையையும் பற்றியது. 'அந்த அடி எந்த அடி?' என்ற வழக்கன்று. பத்திரம் எழுதியவர்கள் கருதியது, அதை நூறாண்டுக்குப் பின் படிக்கப்போகும் அந்நியரை. அந்த அந்நியருக்குக் காட்டிய மரியாதையை ஆய்வகத்தில் முதன்முறையாக விசைப்பலகையைத் தொடும் மாணவிக்கும் காட்டச் சொல்கிறோம், வேறொன்றும் கேட்கவில்லை.

கருவி செய்வோருக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஓர் ஆணைக்கு இரு பொருள் உண்டாகுமானால் கேளுங்கள், ஊகிக்காதீர்கள். கேட்க இயலாதென்றால், புரிந்துகொண்டதை ஒரு வரியில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 'இங்கிருந்து ஓடுகிறேன், 100இல் நிற்பேன்' என்று டீபக் ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பெண் தன் பிழையைத் தானே கண்டிருப்பாள். 'எழில்' போலத் தமிழிலேயே நிரல்மொழி ஆக்க முற்படுவோருக்கு இது இன்னும் முதன்மையானது. அம்மொழி நிபந்தனையை முன்னே வைத்து 'ஆனால்' என்பதைப் பின்னே வைப்பதில் தமிழ்த் தொடரின் இயல்பு தெரிகிறது. இந்த வழியில் வருவோர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லை மாற்றிவைப்பதோடு நில்லாமல், உருபுகளையும் ஆணைக்குள் கொண்டுவர வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. தேனி மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு வருவோரில் பலர் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் 'ஜி=100 120' என்று எழுதச் சொல்லும்போது, அதன் கீழேயே '256ஆம் முகவரியிலிருந்து தொடங்கு, 288ஆம் முகவரியை அடைந்ததும் அதை நிறைவேற்றாமல் நில்' என்று தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சமக்குறியை விட்டால் என்ன நடக்கும் என்பதைத் தேர்வுக்கு முன் ஒருநாள் வேண்டுமென்றே விட்டுக் காட்டுங்கள். அரை மணி நேரம் போதும்.

நண்பரின் மகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாங்கள் அதைச் செய்து பார்த்தோம். சமக்குறி இல்லாமல் ஒருமுறை, இட்டு ஒருமுறை. இரண்டு விடைகளையும் தாளில் எழுதி வைத்துப் பார்த்துவிட்டு, "இதை இந்தக் கட்டளையை எழுதினவங்க யோசிச்சிருக்கணும்ல மாமா?" என்று கேட்டாள். யோசித்திருக்க வேண்டும் என்றே நாங்களும் சொன்னோம்.